ஏழு மீட்டர் குழாய்

எனக்கு வந்த முதல் அறிகுறி இருமல் இல்லை, அரட்டை.

கல்கத்தாவில், காளிகாட்டில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது, ஐம்பத்து நான்கு படிகள். காய்கறிப் பையோடு ஒரே மூச்சில் ஏறி வந்தவள் நான். அடுத்தவர் வாசலில் நின்று பேசுகிற பழக்கமும் எனக்கு இருந்ததில்லை. அப்படிப்பட்டவள், இரண்டாம் மாடி மித்துவின் வாசலில் தினமும் நிற்க ஆரம்பித்தேன். அவள் மாமியாரின் முழங்கால் எப்படி இருக்கிறது, பரணில் எலி போயிற்றா, எதையாவது கேட்பேன். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு திரும்பிவிடும்.

"மாஷிமாவுக்கு இப்பல்லாம் எங்க மேல ரொம்பப் பிரியம்" என்று மித்து என் மகள் சுமதியிடம் சொன்னாளாம். இங்கே வயதான பெண்களை எல்லோரும் மாஷிமா என்பார்கள், நம் பக்கத்துப் பெரியம்மா மாதிரி.

சுமதி ஆபீஸிலிருந்து வந்ததும் என்னை உட்கார வைத்தாள். "நீ எப்பம்மா அடுத்தவங்க முட்டியப் பத்தி விசாரிச்ச? நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

மூக்கில் குழாயோடு வீட்டில் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி எழுதப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பிழைகளைச் சுமதி திருத்தினாள். சொற்களைத் திருத்த நான் விடவில்லை.

டாக்டர் ஒரு குழலைக் கொடுத்து முழு பலத்தோடு ஊதச் சொன்னார். ஸ்பைரோமெட்ரி (நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகத்தில் வெளியே தள்ளுகிறது என்று அளக்கும் சோதனை) என்று பெயர். தாளைப் பார்த்துவிட்டு, "மாஷிமா, சிகரெட் குடிப்பீங்களா?" என்றார்.

"எங்க வீட்டு ஆம்பளைங்களே குடிச்சதில்லை" என்றேன்.

"கோவப்படாதீங்க. உனுன்ல சமைச்சீங்களா?"

உனுன் என்றால் கரி அடுப்பு. என் கணவர் துறைமுக ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில், ஜன்னல் இல்லாத வாடகைச் சமையலறையில், காஸ் கிடைக்கும்வரை இருபது வருடத்துக்கு மேல் அதில்தான் சமைத்தேன். அந்தப் புகை உள்ளேயே தங்கிவிட்டது என்றார். சி.ஓ.பி.டி. (மூச்சுக் குழல்கள் சுருங்கி, போன காற்று முழுதாக வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும் நோய்) என்று தாளில் எழுதினார்.

சில மாதங்களில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (அறையின் காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துத் தரும் இயந்திரம்) வந்தது. ஒரு நாளில் பதினாறு மணி நேரமாவது குழாய் மூக்கில் இருக்க வேண்டும். மெஷினை எங்கே வைப்பது என்று கொண்டுவந்தவர் கேட்டார். நான் உள்ளறையைக் காட்டினேன். கூடத்தில் நாலு பேர் வந்து உட்காருவார்கள்.

குழாயின் நீளம் ஏழு மீட்டர். கட்டில்வரை வரும், குளியலறைவரை வரும், கூடத்தில் பாதிவரை வரும். தெருவைப் பார்த்த வராந்தாவுக்கு நான்கு தரைக்கல் குறைவு. குழாயைக் கழற்றிவிட்டு அங்கே போனால், நான் மூச்சு வாங்குவதைத் தெருவே பார்க்கும். சமையலறை வாசல்வரை வரும், ஆனால் அடுப்பு எரியும்போது பிராணவாயுவோடு அருகே போகக் கூடாது. சுமதி தாளிக்கும் வாசனையை வைத்துக் கடுகு கருகிவிட்டதைச் சொல்வேன். எழுந்து போய் அடுப்பைக் குறைக்க முடியாது.

சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டதும், பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் அந்த வருடத்துக்கான காரியங்களை எழுதுவது என் வழக்கம். போன சித்திரையில் நாலு எழுதினேன். படி இறங்கி, மார்க்கெட்டுக்குப் போய், நானே பார்த்து வாழைப்பூ வாங்க வேண்டும். கயிற்றைத் தொடக் கூடாது. கொலு வைக்க வேண்டும். யார் எதிரிலும் மூச்சு வாங்கக் கூடாது.

கயிறு என்று எழுதியதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே மாடியில் இருக்கும் பெண்கள் வராந்தாவிலிருந்து கயிற்றில் பையை இறக்கித் தெருவில் போகிறவரிடம் காய் வாங்குவார்கள். "பகவான் கால் எதுக்குக் குடுத்தான்?" என்று நான் கீழே நின்று அவர்களைக் கேட்டதுண்டு. காய்க்காரர் பரேஷ் அதைக் கேட்டுச் சிரிப்பார்.

கோடை முழுக்கப் பயிற்சி செய்தேன். சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாகக் காற்றை விட வேண்டும். அதைப் பழகிக்கொண்டு வாசல்வரை போவேன். குழாயைக் கழற்றி வைத்துவிட்டுப் படியில் கால் வைப்பேன். ஒன்பது படி இறங்கினால் ஏறுவதற்குச் சுமதியின் தோள் வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் அதையும் விட்டேன். கட்டிலிலிருந்து வாசல், வாசலிலிருந்து கட்டில். குழாய் எங்காவது நாற்காலிக் காலில் மாட்டி இழுக்கும்போதெல்லாம், யாரோ என்னைக் கட்டி வைத்திருப்பதுபோல எரிச்சல் வரும்.

நவராத்திரி வந்தது. அதே நாட்களில்தான் இங்கே பூஜோ, அதாவது துர்கா பூஜை. சந்து முனையில் பந்தல், டாக் மேளம், கூட்டம். இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் பூஜோ பார்க்கப் போகும் வழியில் கொலுவுக்கும் வந்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு மாலை நான் பட்டுப்புடவை கட்டி, மெஷினை நிறுத்தி, அதன்மேல் பழைய போர்வையைப் போட்டு, உள்ளறைக் கதவைச் சாத்தினேன். ஓடினால் அது கடகடவென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

சுமதி வந்தவுடன் கேட்டாள். "மெஷின் சத்தத்தையே காணோமே?"

"கொலுவுல விளக்கு எரியுது. நெருப்புக்கிட்ட ஆகாதுன்னு மெஷின்காரரே சொன்னாரு."

"விளக்க அணைக்கத்தான் சொன்னாரு. உன்னை இல்ல."

"அரை மணி நேரந்தான். போய்ச் சுண்டலை எடுத்துட்டு வா."

அரை மணி மூன்று மணி ஆயிற்று. வருகிறவர்களை எழுந்து வரவேற்றேன். குங்குமம் கொடுத்தேன். ஒருத்தி பாடச் சொன்னாள். பல்லவி பாடினேன், அதற்குமேல் வரவில்லை. மித்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஷிமா, உங்க உதடு ஏன் நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு?"

"பழந்தான் தின்னேன்" என்றேன். அது நாவல்பழக் காலமே இல்லை. கையிலிருந்த சுண்டல் கிண்ணம் விழுந்த சத்தம் நினைவிருக்கிறது.

பந்தலால் ஆம்புலன்ஸ் சந்துக்குள் வர முடியவில்லை. பந்தல் போட்ட பாடா கிளப்பின், எங்கள் பேட்டைச் சங்கத்தின், ஆட்கள் நாலு பேர் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, புடவைத் தலைப்பால் இடுப்பைக் கட்டி, தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பந்தல் வழியாகத்தான் போக வேண்டும். மேளம் நின்றது. கூட்டம் விலகியது. அம்மனைப் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

ஐம்பத்து நான்கு படியையும் இறங்கிவிட்டேன். முதல் காரியம் அப்படி நிறைவேறியது.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள். ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்துவிட்டது என்று மூக்கையும் வாயையும் மூடும் பைபாப் (மூச்சோடு சேர்ந்து காற்றை உள்ளே தள்ளிக் கொடுக்கும் முகமூடி இயந்திரம்) மாட்டினார்கள். நாலாம் நாள் டாக்டர் கட்டில் ஓரத்தில் நின்றார்.

"யாருக்காகக் குழாயைக் கழட்டினீங்க, மாஷிமா?"

"கொலுவுக்கு வந்தவங்களுக்காக."

"அவங்கல்லாம் இங்க வந்து பாத்தாங்களா?"

"எல்லாரும் வந்தாங்க" என்றேன். ஒருத்தி விடாமல் வந்தார்கள். சின்னக் குழாயை மறைத்தேன், அவர்கள் பெரிய முகமூடியையே பார்த்துவிட்டுப் போனார்கள். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அப்போது வரவில்லை.

"படி இறங்க முடியுமா?" என்று கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. "போன நுரையீரல் திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம். படிக்கு நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

திரும்பவும் நாற்காலியில்தான் மேலே வந்தேன். அந்தக் குளிர்காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. புகையும் பனியும் சேர்ந்து நிற்கும் மாதங்கள். ஜன்னலைக்கூடச் சாத்திவிட்டார்கள். கூரைக் காரையில் ஒரு விரிசல் உண்டு. அது மேற்கே எவ்வளவு போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இந்தச் சித்திரையில் சுமதி அட்டையை எடுத்துவந்தாள். மித்துவும் பச்சடிக்கு வந்திருந்தாள். நான் எழுத்தெழுத்தாகப் படித்தேன். கொலு வைத்தாகிவிட்டது. கயிற்றையும் தொடவில்லை, தொட வராந்தாவுக்கே போகவில்லையே. நாலாவது, யார் எதிரிலும் மூச்சு வாங்கக் கூடாது.

"அதை அடிச்சிரும்மா" என்றாள் சுமதி.

நான் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். கட்டிலிலிருந்து கதவுக்கு எத்தனை கல், கதவிலிருந்து கூடத்துக்கு எத்தனை கல் என்று எனக்கு மனப்பாடம். குழாயில் பாதி நீளம் உள்ளறையிலேயே தீர்ந்துபோகிறது. வராந்தாவுக்கு நான்கு கல் குறைவு என்று ஒரு வருடமாக நொந்துகொண்டேன். மெஷினை உள்ளே வைக்கச் சொன்னவள் நான்தான்.

"அதைக் கூடத்துக்குத் தள்ளிட்டு வாங்க" என்றேன்.

மித்து யோசித்தாள். "வர்றவங்க கண்ணுல முதல்ல இதானே படும், மாஷிமா?"

"படட்டும். நீ அந்த நாற்காலிய நகர்த்து."

கொலுப்படி வைக்கும் சுவரோரம் மெஷின் உட்கார்ந்தது. நான் நடந்தேன். குழாய் கூடவே வந்தது. வராந்தாக் கம்பியைப் பிடித்தபோதும் ஒரு முழம் மிச்சம் இருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு தெருவை மேலிருந்து பார்த்தேன். எதிர் வீட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். எனக்குத் தெரியாமலே அது மங்கவும் ஆரம்பித்திருந்தது.

மித்து தன் வீட்டுக் கயிற்றையும் பையையும் கொண்டுவந்தாள். பரேஷின் வண்டி வந்ததும் நானே பையை இறக்கினேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "மாஷிமா, நீங்களா கயித்துல? பகவான் கால் எதுக்குக் குடுத்தான்?"

"நிக்கறதுக்கு" என்றேன். "வாழைப்பூவைத் திருப்பிக் காட்டு. அது இல்ல, பக்கத்துல இருக்கறது."

"மூக்குல என்னது?"

"மூக்குத்தி. மெட்ராஸ்ல இப்ப இதான்."

தெருவில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உடனே இருமல் வந்தது. பையை இழுக்க ஆரம்பித்தேன். ஒரு வாழைப்பூதான். ஆனால் நாலு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தும்போதெல்லாம் கயிற்றைக் கம்பியில் சுற்றிக்கொண்டு, உதட்டைக் குவித்து, எல்லோருக்கும் தெரிய மூச்சு வாங்கினேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. பரேஷ் பை மேலே போய்ச் சேரும்வரை வண்டியை நகர்த்தாமல் நின்றார்.

முன்பெல்லாம் அந்த நேரத்தில் மூன்று மாடியும் ஏறி வந்து அடுப்பு பற்றவைத்திருப்பேன். இப்போது எனக்கு நேரம் கடிகாரத்தில் ஓடுவதில்லை. இரண்டு மூச்சுக்கு ஒரு கை கயிறு. ஒரு பகலுக்கு ஒரு வாழைப்பூ. ஒவ்வொரு பூவாக நரம்பு எடுத்து முடிப்பதற்குள் வெயில் கூடத்தைத் தாண்டிவிடுகிறது.

அட்டையில் கயிற்றையும் நாலாவதையும் அடித்தேன். படியை அடிக்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும். புது வருடத்துக்கு ஒன்றே ஒன்று எழுதினேன்: அடுத்த சித்திரைக்குள் பையை மூன்று நிறுத்தத்தில் இழுக்க வேண்டும்.

வெளியே போனேன் என்று சொல்ல மாட்டேன். நான் இறங்கவில்லை, என் பை இறங்கி ஏறியது.