அணைத்த அடுப்பை அளந்தவள்

யார் சொன்னது, நான் விரட்டிவிட்டேன் என்று? மாடி வீட்டுக்காரியா? அவள் வாயில் விழுந்தவர்களில் யார் முழுசாக எழுந்திருக்கிறார்கள்! என் மருமகள் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. என் மகனை உதறிவிட்டும் போகவில்லை. பல்கலைக்கழகத்துப் பணத்தில் கை வைத்தாள், கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள் என்று இன்னொரு கதையும் ஓடுகிறதாம். சொன்னவர்கள் என் முன்னால் வந்து சொல்லட்டும், பார்க்கிறேன். அவள் போனது அடுப்புக்காக. அதுவும் அணைத்து வைத்த அடுப்புக்காக. சிரிக்காமல் கேட்பதென்றால் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் அவளுக்குப் பெட்டிக்காரி என்று பெயர். எந்நேரமும் கையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கும். பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. வீடு வீடாகப் போய்ச் சமையலறை அலமாரியில் அதை வைத்துவிட்டு வருவாள். அடுப்பு எரியும்போது காற்றில் எவ்வளவு கேஸ் கலக்கிறது என்று அது பதிந்துகொள்ளும். அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது, நம் வீடுகளுக்குக் குழாயில் கேஸ் அனுப்புகிற அதே கம்பெனி. ஆராய்ச்சிக்கூடத்து வாசலிலேயே அவர்கள் பெயர் போட்ட பலகை பளபளவென்று தொங்கும். எனக்குப் படிக்கத் தெரியாது, அவள்தான் படித்துக் காட்டினாள்.

"அப்ப நம்ம வீட்டு கேஸ் பில்ல கொஞ்சம் கொறைப்பாங்களாடி?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணத்தான் செய்ய மாட்டாங்க அத்தை."

சமையல் அவளுக்கு வராது. பால் பொங்கி வழிந்து அடுப்பே நனைந்து கிடக்கும், இவள் பெட்டியில் ஓடுகிற எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் கத்தினால், "பொங்கினதும் எண் ஏறிடுச்சு அத்தை, பாருங்களேன்!" என்று என்னையே கூப்பிடுவாள். இப்படிப்பட்டவளிடம் எங்கே போய்க் கோபப்படுவது?

அவளுக்கு வந்த முதல் தொல்லை நம் தெருப் பெண்களால்தான். பல்கலைக்கழகத்து அம்மா வருகிறாள் என்றால் சும்மா இருப்பார்களா? ஜன்னல்களையெல்லாம் திறந்து, ஃபேனைச் சுழலவிட்டு, அடுப்பைத் தேய்த்து மினுக்கி வைத்துவிடுவார்கள். பெட்டியில் ஒன்றும் ஏறாது. "எல்லார் வீட்டுச் சமையல்கட்டும் மலை உச்சி மாதிரி இருக்கு அத்தை, நான் எதைத்தான் அளக்கறது?" என்று தலையில் கை வைத்துக்கொள்வாள்.

அப்புறம் ஒரு சமயம் வெளியூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போய்விட்டோம். சரிபார்ப்பதற்காக எங்கள் சமையலறையில் வைத்திருந்த பெட்டியை அணைக்க மறந்துவிட்டாள். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் எடுத்துப் பார்த்தவள், பார்த்தபடியே நின்றாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"அடுப்ப யாரும் பத்தவே இல்லையே அத்தை. ஆனா இதுல கேஸ் ஏறியிருக்கே."

பெட்டிதான் கெட்டுப்போயிற்று என்று வேறொன்று கொண்டுவந்து வைத்தாள். அதுவும் அதையேதான் சொன்னது. அடுப்பின் திருகு வழியாக, மூக்குக்கே தெரியாதபடி, துளித்துளியாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. பற்றிக்கொள்ளும் அளவுக்கு இல்லையாம். ஆனால் நாளெல்லாம், வருஷமெல்லாம், அந்தக் காற்றில்தானே நாம் நிற்கிறோம் என்றாள்.

அதிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களிடமெல்லாம் கெஞ்சி, ஆளில்லாத வீடுகளில் பெட்டி வைத்தாள். மாடி வீட்டுக்காரி அப்போதே ஆரம்பித்துவிட்டாள். "நாம பேசறதக் கேக்கறதுக்குத்தான் வெச்சுட்டுப் போறா" என்றாள். ஆளில்லாத வீட்டில் யார் பேசுவார்கள், சுவரா?

பல வீடுகளில் அதே கசிவு. சாயங்காலம் வந்தால் எனக்குக் காய் நறுக்கித் தருகிற சாக்கில் பேசித் தீர்ப்பாள். "திருகுக்குள்ள இருக்கற ஒரு சின்ன வாஷர மாத்தினாலே பாதி கொறையும் அத்தை. நாங்க இத எழுதி வெளியிட்டா, அடுப்பு செய்யறவங்க மாத்தித்தானே ஆகணும்?" காய் கோணல்மாணலாக விழும். எனக்குத் திட்ட மனசு வராது. அவள் முகம் அப்படிப் பளிச்சென்றிருப்பதைப் பார்த்து எனக்குப் பழகியிருந்தது.

ஆனால் பணம் கொடுக்கிறவர்கள் முதலில் பார்த்த பிறகுதான் எதையும் வெளியே விடலாம் என்பது அங்கே ஏற்பாடு. பார்த்தார்கள். ஆராய்ச்சி சமைப்பதைப் பற்றியது, அடுப்பு அணைந்திருந்த நேரமெல்லாம் இதில் சேராது, எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

இவள் முடியாது என்றாள். பேராசிரியரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இவளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்தவர். கெட்ட மனுஷர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

"எரியற அடுப்பப் பத்தி நாம எழுதினதுல ஒரு வார்த்தை பொய் இல்லம்மா" என்றார். "மத்தத அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இந்தப் பணம் நின்னா எங்கிட்ட ஆராய்ச்சி பண்ற பிள்ளைங்க அத்தனை பேரும் எங்க போவாங்க? உன் வேலையும் இப்பதான் நிரந்தரமாகப் போகுது."

"பாதிய மட்டும் சொன்னா, அணைச்சிட்டா ஒண்ணுமில்லன்னுதானே சார் ஜனங்க நெனப்பாங்க? எம்பேரப் போட்டு அத எப்படிச் சொல்றது?"

"அப்ப உம்பேர எடுத்துடட்டுமா?"

கோபத்தில் கேட்டுவிட்டார். கேட்டதும் அவருக்கே சுருக்கென்றிருக்க வேண்டும். இவள் என்னைப் பார்த்தாள், என் மகனைப் பார்த்தாள்.

"எடுத்துடுங்க சார்."

"பேர் இல்லன்னா நாளைக்கு அந்த வேலைய உனக்குன்னு நான் கேக்க முடியாதும்மா."

"தெரியும் சார்."

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். வாசலில் செருப்பை மாட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

பெட்டிகளும் கம்பெனியுடையவை, அவற்றில் பதிந்ததும் கம்பெனியுடையது. எல்லாவற்றையும் ஒப்படைத்தாள். தன் கையால் அளந்ததில் ஒரு எண்ணைக்கூட அவள் வெளியே சொல்லக் கூடாதாம். அறிக்கை அழகான படங்களோடு வெளிவந்தது. அதில் இவள் பெயர் இல்லை என்று மாடி வீட்டுக்காரியின் மகன் பார்த்துச் சொல்ல, பணத்தில் கை வைத்த கதை அங்கேதான் முளைத்தது.

அந்த நாட்களில் சாயங்காலம் வந்தால் பேச்சில்லை. காய் ஒழுங்காக, ஒரே அளவாக விழுந்தது. ஒருநாள் நானே கேட்டேன், "பால் பொங்குது பாரு, என்ன எண் இருக்கும்?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆளுக்காக ஏங்குவது எப்படி என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

பிறகு தூரத்தில், ரயிலில் ஏறினால் மறுநாள் போய்ச் சேருகிற ஊரில், ஒரு சின்னக் கல்லூரியில் இடம் கொடுத்தார்கள். கம்பெனிப் பணம் கிடையாது. பெட்டிகூடக் கிடையாது. இவளே செய்துகொண்டு முதல் வீட்டிலிருந்து மறுபடி அளக்க வேண்டும். என் மகனுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் மின்வேலை. என்னையும் கூப்பிட்டாள். நான் வரமாட்டேன் என்றால் வரமாட்டேன்தான், பேரன் பேத்தி எடுக்கிற வயதில் எனக்கு எதற்குப் புது ஊர்? மகன்தான், "நீ போ, லீவுக்கு லீவு நான் வர்றேன். அம்மாவ நான் பாத்துக்கறேன்" என்றான். யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்பது வேறு விஷயம்.

போகிற அன்று காலையில் கார் வந்து நின்றது. மகன் பெரிய பையை எடுத்துக்கொண்டு முன்னால் படியிறங்கிவிட்டான். அதுவரை அடக்கி வைத்திருந்தேன். வாசற்படியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருந்துடேன்டி. வேற ஏதாவது வேலை கெடைக்காமலா போகும்?"

"கெடைக்கும் அத்தை. ஆனா நீங்க அடுப்பு முன்னாடி நிக்கறப்பல்லாம், தெரிஞ்சும் சும்மா இருக்கேனேன்னு இருக்கும்."

"ஊரு நாந்தான் வெரட்டினேன்னு பேசும்."

"பேசட்டும். உங்ககிட்ட வந்து யாரு நேரா கேக்கப் போறாங்க, அவ்வளவு தைரியம் யாருக்கு இருக்கு?"

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், அந்தச் சிரிப்பில் என் பிடி தளர்ந்துவிட்டது. இன்னொரு பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பை கனம், படி பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். அதனால்தான் திரும்பவில்லை.