மோட்டாரைப் பிரித்தவர் எங்கள் அண்ணி

எங்கள் அண்ணி கலாவதி காலமான செய்தி வந்தபோது, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஓர் இரும்புக் கடாய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். "மல்லி, அண்ணி போய்ட்டா. நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரி போய்ச் சேரல" என்று தொலைபேசியில் என் அண்ணன் முருகேசன் அழுதார். கடாயை அப்படியே வைத்துவிட்டு ரயிலேறித் தாம்பரம் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் தெருமுனையில் பேனர் கட்டியாகிவிட்டது. 'மோட்டார் மன்னர் முருகேசன் அவர்களின் அன்புத் துணைவியார்' என்று கொட்டை எழுத்தில். அண்ணியின் பெயர் அதற்கும் கீழே, பொடி எழுத்தில். அழ வேண்டிய நேரத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

மன்னராம்! மேற்குத் தாம்பரத்தில் வீட்டின் முன்பகுதியிலேயே அண்ணனுக்கு மிக்சி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை. ஆனால் கடைக்குப் பேர் வாங்கித் தந்தவை பழைய வேக்குவம் கிளீனர்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கனத்த இரும்பு உருளைகள். மற்ற கடைகளெல்லாம் கைவிரித்த பிறகு இங்கே வந்து சேரும். அவற்றில் ஒரு மோட்டாரைக்கூட அண்ணன் பிரித்ததில்லை. அத்தனையையும் பிரித்து, துடைத்து, ஓடவிட்டவர் அண்ணி.

கல்யாணமான புதிதில் முதல் மெஷின் வந்தது. உள்ளே காற்றாடியைப் பிடித்திருக்கும் நட்டு கழலவில்லை. அண்ணன் மூச்சைப் பிடித்துத் திருகித் திருகி விரல் தோலை உரித்துக்கொண்டார். சாப்பாடு கொண்டுவந்த அண்ணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க இறுக்கிக்கினு கீறீங்க. இது சைக்கிள் இடது பெடல் மாதிரி, மரை தலைகீழா கீது" என்றார். அவருடைய அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஸ்பேனரை வாங்கி எதிர்ப்பக்கம் ஒரு தட்டுத் தட்டினார். கழன்றது.

அன்றிலிருந்து அண்ணிக்குப் பின்னறை. வாடிக்கையாளரிடம் மெஷினை வாங்கி அண்ணன் உள்ளே கொண்டுபோவார், வேலை முடிந்ததும் வெளியே கொண்டுவருவார். பொம்பளை பிரிக்கிறாள் என்றால் எவன் கொடுப்பான் என்பது அவர் வாதம். அண்ணி பேரிங்கைப் பெட்ரோலில் அலசி கிரீஸ் வைப்பார். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகள் உரசிக் கறுத்துப்போன செம்பை உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்துப் பளபளக்க வைப்பார். இரண்டு பக்கக் கரியும் இடம் மாறிவிட்டால் மோட்டார் பொறி தள்ளும். மாறாமலிருக்க ஒரு பக்க மூடியில் தன் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி அடையாளம் வைப்பார்.

ஒருமுறை அந்தப் பொட்டை எடுக்க மறந்துவிட்டார். மெஷினை வீட்டில் திறந்து பார்த்த ஒருவர், எவன் இதற்குப் பொட்டு வைத்துப் பொம்மையாக்கினான் என்று கடையில் வந்து கத்தினார். அண்ணன் கூசாமல் சிரித்தார். "கொழந்தைங்க கை வச்சிருக்கும் சார்" என்றார். அண்ணன் வீட்டில் குழந்தையே கிடையாது. பின்னறையில் அண்ணிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அன்று அங்கே இருந்த நான் உள்ளே போய்ப் பொரிந்து தள்ளினேன். "வுடு மல்லி. சண்டை போட்டா மோட்டார் ஓடிடுமா?" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. வாயைத் திறக்காமல் பட்டினி கிடந்ததற்காக அவர்மீதும் எனக்குக் கோபம் உண்டு. செத்துப்போனவர் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

காரியத்தன்று மெக்கானிக்குகள் சங்கத் தலைவர் பேசினார். அண்ணனுக்குப் பின்னால் நின்று டீ போட்டுக் கொடுத்தே கடையை வளர்த்த மகராசி என்றார். அந்தக் கடைக்கு டீ என்றைக்கும் எதிர்க்கடையிலிருந்துதான் வரும். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு வயதான அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். கொடுத்திருந்த மெஷின் தயாரா என்று கேட்டார். அது பின்னறையில், அண்ணி கடைசியாகப் பிரித்துப் போட்டபடி தட்டில் கிடந்தது. "வீட்ல துக்கம் மேடம். அடுத்த வாரம் ரெடி பண்ணிடறேன்" என்றார் அண்ணன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எப்படிண்ணா பண்ணுவ? பிரிச்சவங்க போட்டோவுல இருக்காங்க" என்றேன்.

சங்கத்துக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, மாலை போட்ட படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"இவங்களா பிரிப்பாங்க? யாருப்பா இவங்க?"

"என் சம்சாரம்."

"அது தெரியுது. பேரு என்ன?"

"கலாவதி" என்றார் அண்ணன். பிறகு யாரும் கேட்காமலே, "எல்லாம் அவதான் பிரிப்பா. எனக்குத் தெரியாது" என்றார்.

அண்ணி, அதைச் சொல்ல அந்த வாய்க்கு உங்கள் பிணம் வேண்டியிருந்தது. நீங்கள் இருந்திருந்தால் அப்போதே மன்னித்திருப்பீர்கள், உங்கள் குணம் அப்படி. நான் மன்னிக்கவில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.