சைடிங் வண்டி

எட்டு வயதில் என்னைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். நெமிலிச்சேரியில் எங்களோடு இருந்த சித்தி, சனிக்கிழமைதோறும் அம்பத்தூருக்குக் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போவாள். கல்யாண வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்பக்கூடாதாம். பாத்ரூமுக்கே தனியாகப் போகப் பயப்படும் என்னைத் துணைக்கு அனுப்பினால் போதுமாம். நல்ல காவல்!

அன்று மாலை அம்பத்தூர் பிளாட்பாரத்தில் சித்தியோடு பேசிக்கொண்டிருந்த ஓர் அண்ணன் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். கிளாஸில் கூடப் படிக்கிறவர் என்றாள் சித்தி. வண்டி வந்ததும் என்னை லேடீஸ் பெட்டியில் ஏற்றிவிட்டாள்.

"ஆவடி தாண்டி மூணாவது ஸ்டேஷன். எண்ணிக்கினே வந்து எறங்கிடு. நான் பின்னாடி பெட்டியிலதான் கீறேன்."

சொல்லிவிட்டு அவரோடு போய்விட்டாள். நான் விரல்விட்டு எண்ணி, மூன்றாவதில் இறங்கினேன். கணக்கில் தப்பில்லை, இடம்தான் தப்பு. அது திருவள்ளூர் பக்கம் போகிற வண்டியே இல்லை; பட்டாபிராம் சைடிங் என்கிற கிளைத் தடத்தில் பிரிந்து போகிற வண்டி. எங்கள் பக்கத்து ஆட்கள் வண்டி எங்கே போகிறது என்று பார்க்காமல் காலெடுத்து வைக்கமாட்டார்கள். தினமும் போய்வருகிறவர்களைவிட சித்தி உஷார். அன்று அவள் பார்க்கவில்லை.

அந்தத் தடம் அந்தக் காலத்தில் பட்டாளத்துச் சாமான் ஏற்றி இறக்கப் போட்டது என்று அப்பா சொல்லியிருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வழி தவறி அங்கே வரும் பிள்ளைகளைப் பட்டாளத்துக்காரர்கள் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று, நான் சாப்பிட அடம்பிடித்தபோதெல்லாம் சேர்த்துச் சொல்லிவிட்டார். இறங்கிய நாலு பேரும் போய்விட்டார்கள். முள்கம்பி வேலிக்கு அப்பால் யாரோ பூட்ஸ் காலோடு நடப்பது கேட்டது. ஐயோ, அந்தப் பயத்தை எப்படிச் சொல்வேன்! அம்மா என்று கத்த வாயைத் திறந்தேன், சத்தமே வரவில்லை.

கூடையோடு வந்த பூக்கார அம்மாதான் என்னைப் பார்த்தாள். "இன்னா பாப்பா, யார்கூட வந்தே? அழுவாதே, நான் கீறேன் இல்ல" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

அரைமணி கழித்து ஆட்டோவில் சித்தியும் அந்த அண்ணனும் வந்தார்கள். முந்தின ஸ்டேஷனில் சுதாரித்து இறங்கி, என் பெட்டிக்கு ஓடிவருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டதாம். சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஊட்ல சொல்லிடாதே கண்ணு. உன் கால்ல வுழறேன்."

தொலைந்தது நான், இவளுக்கு என்ன பயம் என்று நினைத்தேன். சொல்லமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏண்டி இவ்ளோ நேரம்?"

சித்தி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். தொலைந்ததை மறைக்க வேண்டுமே!

"சித்தி அந்த அண்ணன்கூட பேசிக்கினு இருந்தாங்கம்மா. அதான் லேட்டு."

அடுத்த சனிக்கிழமை கிளாஸ் இல்லை. இரண்டு மாதத்தில் சித்தியைத் திருமழிசையில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கிளம்பும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், என்னிடம் மட்டும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவளுக்காக எவ்வளவு பெரிய ரகசியத்தைக் காப்பாற்றியிருந்தேன்! சைடிங்கில் தொலைந்துபோனதை ஒருத்தரிடமாவது மூச்சு விட்டிருப்பேனா?