கேட்டு ஆடிய பந்து, கேட்டு எழுதிய செய்தி

கண் தெரியாதவன் கிரிக்கெட் ஆடினால் சிரிப்பார்கள், பத்திரிகைக்கு எழுதினால் நம்பமாட்டார்கள். நான் இரண்டையும் செய்தேன். ஊர்ச் செய்தி எழுதி ஊராரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குப் புரியும்.

தகர டப்பா

வைசூரி என் கண்களைக் கொண்டுபோனபோது கல்லூரி அணியில் நான் தொடக்க ஆட்டக்காரன். பிறகு எங்கள் ஊர் பாறசாலையில் என்னைப்போன்ற சிலர் சேர்ந்தோம். பால் டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டு மூடினால் பந்து. அது உருளும் சத்தம் கேட்டு அடிப்போம்.

திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் கொதித்த நேரம். ஒருநாள் மட்டையோடு காத்து நிற்கிறேன், பந்து வரவில்லை. பூட்ஸ் சத்தம் வருகிறது. நாங்கள் வெடிகுண்டு செய்வதாக யாரோ போலீசில் சொல்லியிருக்கிறார்கள். ஏட்டு டப்பாவை உடைத்துக் கல்லைக் கொட்டிப் பார்த்தார். பிறகும் என் மட்டையைப் பறித்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "கண்ணு காணாத்தவனுக்கு ஊன்றுவடி மதி, பேட்டு வேண்டா." கைத்தடி போதுமாம்.

தெரிந்த குரல்

நாகர்கோவில் நாளிதழ் ஒன்றுக்கு நான் நிருபர். நான் சொல்லச் சொல்ல மனைவி செல்லம் எழுதுவாள். குளத்தூரில் ஒரு கூட்டம். பேச்சு நடக்கும்போதே "அடி!" என்றொரு குரல். எல்லாரும் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றேன். தோளில் ஒன்று விழுந்தது. வலியைவிட அந்தக் குரல்தான் என்னை உலுக்கியது. கல்லூரி அணியில் எதிர்முனையில் நின்று, "வா மக்கா, ஓடு" என்று என்னை ரன்னுக்குக் கூப்பிட்ட மாதவனின் குரல். இப்போது அவன் சப்-இன்ஸ்பெக்டர்.

கூட்டம் கல்லெறிந்த பிறகுதான் தடியடி என்றது போலீஸ். உத்தரவுக்கு முன்னால் ஒரு கல்கூட விழுந்து நான் கேட்கவில்லை. அதையே சொன்னேன். மாதவன் பெயர் வந்ததும் செல்லத்தின் பேனா நின்றது.

"பேரு போடணுமா? நம்ம வீட்டுல சோறு தின்ன ஆளாக்கும்."

"போடு."

செய்தி வந்த அன்று மாலை அவனே வந்தான். சண்டைக்குத்தான் என்று எழுந்து நின்றேன். அவனோ என் தோள்கட்டைத் தொட்டுப் பார்த்தான். "எலே, நீ நிக்கியது தெரிஞ்சிருந்தா, மத்த பக்கமாட்டு அடிக்கச் சொல்லியிருப்பேனே!"

நாலு வரி

கடைசியில் கோடு போட்டார்கள். விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது. பாறசாலையும் குளத்தூரும் சேர்ந்த நெய்யாற்றின்கரை தாலுகாக்காரர்கள் நாங்கள் கேரளப் பக்கமே நின்றுவிட்டோம். ரேடியோவில் அறிவித்ததும் டீக்கடைக்காரர் அதைத் திருகி அணைத்துவிட்டு டம்ளர் கழுவ ஆரம்பித்தார்.

விட்டுப்போன ஊர்களைப் பற்றி, அங்கே அடிபட்டவர்களைப் பற்றி ஒரு கட்டுரையை மனதுக்குள் முழுக்க எழுதிக்கொண்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். அங்கே இணைப்பைக் கொண்டாடி வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் நல்ல மனிதர். நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு லட்டும் வைத்தார். கட்டுரையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் என் முழங்கையை மெதுவாகத் தட்டினார். "இனி அங்க உள்ளது வெளிமாநிலச் செய்தியாக்கும், நாலு வரி போதும்."

எனக்கு விழுந்த பெரிய அடியெல்லாம் வேண்டியவர்கள் கொடுத்ததாகவே இருப்பதால், எதிரிகளைப் பற்றி எழுத இன்றுவரை எனக்கு விஷயம் கிடைக்கவில்லை.