கிருபாநிதியின் இருபது நிமிஷம்

மாலை ஐந்தரைக்குக் கிருபாநிதி மர ஸ்டூலைக் கூடத்துச் சுவரோரம் இழுத்துப் போடுகிறார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றுகிறார். அது சரியாக ஓடுகிறதா என்று முதலில் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். சரியாக ஓடினால், பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி மணியை இருபது நிமிஷம் பின்னுக்குத் தள்ளி ஐந்து பத்தாக்கிவிட்டு மாட்டுவார். மறுநாள் காலை ஜெபம் முடிந்த கையோடு திரும்ப ஏறி அதைச் சரியாக்குவார். ஞாயிறு தவிர ஒருநாளும் இது தவறியதில்லை.

இத்தனைக்கும் மனிதர் முப்பது வருஷம் துறைமுகத்தில் டைம் ஆபீஸ் கிளார்க். ஒரு நிமிஷம் பிந்தி வந்தவன் பெயருக்கு நேரே சிவப்பு மையால் கோடு போட்டவர். சொந்த மைத்துனனுக்கே போட்டிருக்கிறார். அந்த மைத்துனர் இன்னும் இவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாசரேத்து ஊர்க் கிறிஸ்தவக் குடும்பம், கோயிலில் மூன்றாம் பெஞ்சு. பொய் என்பது வாயில் வராது. வீட்டில் யாராவது, “நான் இல்லன்னு சொல்லிருங்க” என்று சொல்லி அனுப்பினால், வாசலுக்குப் போய், “உள்ளதான் இருக்கா, பாக்க இஷ்டமில்லையாம்” என்று சொல்லிவிடுவார். ஆகவே யாரும் அவரை அனுப்புவதில்லை.

வீட்டோடு நடக்கும் பிள்ளைகள் காப்பகத்தைத் தொடங்கியவர் அவருடைய அம்மா எஸ்தர். மீன் கிட்டங்கிக்கு வேலைக்குப் போன நாலு பெண்களின் பிள்ளைகளை எண்பத்து நாலில் இதே கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தார். இன்றைக்கு முப்பத்தொரு பிள்ளைகள். சுவரில் ஒரு வேத வசனம், வாசலில் வரிசையாகக் குட்டிச் செருப்புகள். சாப்பாட்டுக்கு முன்னால் கிருபாநிதி, “கண்ண மூடி அவங்கவங்க சாமிகிட்ட சொல்லுங்க, பிள்ளேளா” என்பார். முருகனும் அல்லாவும் இயேசுவும் அங்கே ஒரே சாம்பாரை ஆசீர்வதிக்கிறார்கள்.

எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில் ஒருநாள் கடிகார விஷயத்தைக் கேட்டேவிட்டேன்.

“அது அம்மா பழக்கம் சார். ஒருநா ஒரு பொம்பள கேட்டுக்கு வெளிய நின்னு அழுதுக்கிட்டு இருந்திருக்கா. நேரமாயிட்டு, உள்ள வரப் பயம். அம்மா மணியத் திருப்பி வச்சிட்டு, ‘ஏளா, நேரத்தோடதான வந்திருக்க, அங்கன பாரு’ன்னு காட்டியிருக்கா. பெத்த பிள்ளயத் திருடி மாதிரி வந்து தூக்கிட்டுப் போகக்கூடாதுல்லா?”

“அப்போ அது பொய் இல்லையா?”

யோசித்தார். “சொவரு சொல்லுது சார். நான் எங்க சொன்னேன்?”

எல்லோரிடமும் போன் இருக்கிறது. உண்மையான மணி எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கூடத்துக்குள் யாரும் போனை எடுத்து மணி பார்ப்பதில்லை. அது ஒரு மரியாதை.

போன வருஷம் நிர்வாகம் மருமகள் ஷீஜாவிடம் வந்தது. கெட்டிக்காரி, நியாயமானவளும்கூட. ஆயா வேலை பார்க்கும் ஜாய்க்குச் சாயர்புரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவளுக்கும் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை காத்திருக்கிறது. “பிந்துற அம்மாவுக்குப் பாவம் பாக்கோம், ஜாயக்காவுக்கு யாரு பாக்கா?” என்று ஷீஜா கேட்டாள். பலகை ஏறியது: ஆறரைக்குள் பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டும், மாதத்தில் மூன்று முறை பிந்தினால் இடம் ரத்து. பதிவேடு ஷீஜா கையில். அவள் போனைப் பார்த்துத்தான் எழுதினாள். கிருபாநிதியோ ஸ்டூலில் ஏறுவதை மட்டும் நிறுத்தவில்லை.

முத்துக்கனி இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை பிந்தியிருந்தாள். வேம்பார்க்காரி, இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை. புருஷன் விட்டுப் போய்விட்டான்; ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு வர ஆள் இல்லை. காப்பகம் போனால் வேலையும் போகும்.

போன வியாழக்கிழமை அங்கே பேப்பரைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அவள் மகள் பானுப்ரியா மட்டும் பையை மாட்டிக்கொண்டு கிருபாநிதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜாயை அவர் ஆறரைக்கே பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டிருந்தார். முத்துக்கனி ஓடி வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கையுறை போட்டு ஊறிய விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

“ஹார்பர் ரோட்டுல கண்டெய்னர் லாரியா நிக்கு அண்ணாச்சி. கம்பெனி வேன் நவுரல. எறங்கி ஓடியாரேன்.” உள்ளே வரவில்லை.

ஷீஜா பதிவேட்டைத் திறந்துவிட்டாள். போன் உள்ளறையில் சார்ஜில் இருந்தது. எழுந்து போகப் பார்த்தவள் நின்றாள்.

“மாமா, உங்க வாட்சுல மணி என்ன?”

ஆறே முக்கால். எனக்குத் தெரியும், வாசலில் நின்றவளுக்கும் தெரியும். சுவரில் ஆறு இருபத்தைந்து. ஷீஜா வேண்டுமென்றே கேட்டாளா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இந்த மனிதரிடம் மணி கேட்டால் சரியான மணிதான் வரும் என்பது ஊரறிந்தது.

கிருபாநிதி கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எந்தப் பிள்ளையையும் தொட விடாத அந்தக் கடிகாரத்தின் வாரை மெல்லக் கழற்றினார். பானுப்ரியாவின் கையைப் பிடித்து அதில் மாட்டினார். அது வழுக்கிக்கொண்டு முழங்கை வரைக்கும் போனது.

“எங் கையில வாட்சு இல்லயேம்மா,” என்றார். “சொவத்தப் பாத்து எழுது.”