அண்ணாவின் எட்டுக்கு மாத்தே வைத்தேன்

போன மாசியில், அண்ணா செத்து எட்டாம் நாள், புலம்பெயர்ந்து வந்து நாங்கள் இருக்கும் பூம்ப்ளிஸில், எங்கள் வீட்டு வரவேற்பறையில் நடந்தது இது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அண்ணாவுக்கு இருபத்தேழு வயது. டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. காலையில் வேலைக்கு நடந்து போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழும்பவில்லை.

ஒரு குளிர்காலம் நானும் அந்த ஹோட்டலில் சட்டி கழுவியிருக்கிறேன். மத்தியான இடைவேளையில் அங்கே வேலை செய்யும் அர்ஜென்டினாக்காரர் ஒருவர் மாத்தே போடுவார். அது ஒரு இலைத்தூள். சின்னச் சுரைக்குடுவையில் தூளைப் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்ச வேண்டும். எல்லோருக்கும் ஒரே குடுவை, ஒரே குழல். ஒருவர் குடித்து முடித்துக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஊற்றுகிறவர் மறுபடி ஊற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார். முதல் நாள் எனக்கு அருவருப்பாக இருந்தது. அண்ணா சிரித்தார். "எச்சில் பார்த்தா இஞ்ச தனியத்தான் இருக்கோணும்" என்றார். அன்றாடம் அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பது எங்கள் வழக்கம். மாமா முன்னின்று எல்லாம் செய்தார். மீன், ஆட்டிறைச்சி, முட்டை, வடை, ஒரு கிளாஸில் சாராயம். அண்ணா சாராயத்தைத் தொட்டதே இல்லை.

அண்ணாவின் பையைக் கொடுக்க அந்த அர்ஜென்டினாக்காரர் அன்று ரயிலில் வந்திருந்தார். பைக்குள் அண்ணாவின் சொந்தக் குடுவை இருந்தது. மாத்தே போட்டுத் தரச் சொல்லி நான்தான் அவரைக் கேட்டேன்.

மாமா எட்டிப் பார்த்தார். "உதென்ன, ஆட்டுக்குக் குழை வெட்டிப் போட்ட மாதிரி?"

"மாத்தே. அண்ணா குடிக்கிறது. படைக்கப் போறன்."

"உதெல்லாம் படைக்கேலாது, பிள்ளை."

"அப்ப சாராயம்?"

"அது முறை."

"ஆருடைய முறை மாமா? செத்தது அண்ணா."

மாமி கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். அவ்வளவு சூடு இலைக்கு ஆகாது என்று அர்ஜென்டினாக்காரர் அதை ஆறவிட்டார். பிறகு மெல்ல ஊற்றி, தானே குழலில் வாய் வைத்து உறிஞ்சினார்.

வீடே எழும்பியது. "ஐயோ, படைக்க முதல் வாய் வைச்சிட்டான்! எச்சிலாக்கிப்போட்டான்!" படைக்கிற கறிக்கு நாங்கள் உப்புக்கூடப் பார்ப்பதில்லை. பாவம், அந்த மனிதர் குடுவையோடு விழித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியாது. "முதல் ஊத்துறது சரியான கசப்பு, தூளும் வரும். ஊத்துறவர் அதைத் தான் குடிச்சுப்போட்டு நல்லதைத்தான் மற்றவைக்குக் குடுப்பார். அண்ணாவுக்குக் கசப்பை வைக்கச் சொல்லுறியளோ?"

சாராயக் கிளாஸைத் தூக்கிக்கொண்டு போய்க் குசினித் தொட்டியில் ஊற்றினேன். இரண்டாம் முறை ஊற்றிய குடுவையை அந்த இடத்தில் வைத்தேன்.

"இவளுக்கு மூளை தட்டிப்போட்டுது" என்றார் மாமா.

எட்டு நாளாக வாய் திறக்காமல் இருந்த அம்மா அப்போதுதான் பேசினார். "அண்ணை, விடுங்கோ. என்ர பிள்ளை அதுதான் குடிச்சவன்."

கற்பூரம் காட்டி முடிந்தது. எல்லோரும் சாப்பிட இருந்தார்கள். அர்ஜென்டினாக்காரர் மட்டும் சுடுதண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு படத்துக்கு முன்னாலேயே இருந்தார். குடுவை திரும்பி வராமல் அவர் எப்படி அடுத்தவருக்கு ஊற்றுவார்? அதைத் தொட ஒருவரும் வரவில்லை. நான் போய் எடுத்தேன். அண்ணாவுக்கு வைத்ததைக் கடைசிச் சொட்டு வரை, குழல் சத்தம் போடும்வரை உறிஞ்சித் திருப்பிக் கொடுத்தேன். இனிப் போதும் என்றால்தான் மாத்தே குடிப்பவர்கள் நன்றி சொல்வார்கள். நான் நன்றி சொல்லவில்லை. அவர் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினார். அம்மா கையை நீட்டினார்.

அதற்குப் பிறகு மாமா எங்களோடு கதைப்பதில்லை. அம்மாவுக்கு அதில் கவலை, எனக்கு இல்லை. முறை தெரிந்தவர்கள் அன்று வீடு நிறைய இருந்தார்கள், அண்ணாவுக்கு என்ன பிடிக்கும் என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் இன்றைக்கும் யார் முகத்தைச் சுளித்தாலும் சொல்லுவேன், அந்தப் படையலில் அண்ணாவுக்கென்று இருந்தது அந்த ஒரு குடுவைதான்.