தம்பியின் முறை

என் தம்பியின் ராஜ்யத்தை நான் பறித்தேன். கிறிஸ்துமஸ் விருந்தில், அவனுடைய மருமகன் முன்னால், வேண்டுமென்றே பறித்தேன்.

ராஜ்யம் கற்பனைதான். நான் பள்ளிக்கூடத்திலிருந்தும் அவன் தேயிலைத் தோட்டத்திலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகு, பொழுது போகாமல் ஏழு தீவுகள் கொண்ட ஒரு பேரரசை உண்டாக்கினோம். மாலையில் டவுன் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் குடித்தபடியே அதற்குத் துறைமுகம் கட்டினோம், வரி போட்டோம். சுல்தான்கள் முறைவைத்து மன்னராகும் நம் நாட்டைப் போலவே அங்கும் மன்னர் பதவி சுழல்முறை. மூத்தவன் என்பதால் முதலில் நான். அந்தக் கிறிஸ்துமஸிலிருந்து அவன் முறை. முதல் சட்டத்தைக்கூட யோசித்து வைத்திருந்தான்: தீவுகளில் யாரும் யார் முன்னாலும் கைகட்டி நிற்கக் கூடாது.

எனக்குப் பதவி பிடித்துப் போயிருந்தது. வேறு காரணம் இல்லை. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எழுந்து, "மன்னராட்சி ஒழிந்தது, இனி குடியரசு" என்று அறிவித்தேன்.

அவன் சிரித்தான். "அண்ணே, இது என் முறை லா."

"கொழுந்து மூட்டை தூக்குனவனுக்குக் கிரீடம் ஒரு கேடா?" என்றேன்.

மருமகன் வாய்விட்டுச் சிரித்தான். தம்பி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான்.

அதன் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. தேவாலயத்தில் என்னைக் கண்டால் வேறு வரிசைக்குப் போய்விடுவான். ஈஸ்டர் கழிந்ததும், முடியாட்சியை மீட்டு, அதற்கு ஓர் அரசியல் சட்டமும் எழுதி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தினான்.

"ராஜாவுக்கு என்ன அதிகாரம் வச்சிருக்கே?"

"ஆலோசனை சொல்லலாம். கையெழுத்துப் போடலாம்."

"ஆளப்போறது?"

"பிரதமர்."

"யாரு, நீயா? பார்த்தியா! தோட்டத்து துரையே போனாலும் கணக்கெழுதுற கிராணி நாற்காலிய விடமாட்டான் லா."

மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் எனக்கொரு நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கேயே அந்தப் பதவியை அடித்துவிட்டு, "நான் வெறும் குடிமகனா இருந்துக்கிறேன்டா" என்றேன்.

"குடிமகனா? அத நான்தானே முடிவு பண்ணணும். உனக்கு சிவப்பு ஐசி. இருந்துக்கலாம், ஓட்டு கிடையாது."

எங்கள் அம்மா இந்த மண்ணில் சாகும்வரை வைத்திருந்ததும், குடியுரிமை இல்லாதவர்களுக்கான அந்தச் சிவப்பு அடையாள அட்டைதான். அதையே ஏற்றுக்கொண்டேன்.

இப்போது எனக்குப் பதிலாக அவன் தன் மகனின் மனைவியோடு சேர்ந்து தீவுகளை ஆள்கிறான். குடிமக்களுக்கான நீல அட்டை எப்போது கிடைக்கும் என்று போன வாரம் கேட்டேன்.

"மனு பரிசீலனையில இருக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.